நீ இல்லாத இருபத்துநான்கு மணி நேரம்

மார்ச் 4

என்னவருக்கு,

இங்கே அக்கா வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா கோலூன்றி வாசல் வரை நடக்கிறாள். வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை.

நீங்கள் அனுப்பிய பிரஷர் கணக்கைப் பார்த்தேன். ஒரு வாரமாக நூற்று முப்பதைத் தாண்டவில்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்? நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதெல்லாம் நூற்று அறுபதுக்குக் குறைந்ததே இல்லை. போன வருஷம் கிரேன் கேபினில் மயங்கிய உங்களைக் கயிறு கட்டி இறக்கியதைக் கீழே நின்று பார்த்தவள் நான். பதினாறாம் தேதி கம்பெனி டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் மறுபடி மேலே ஏற விடுவார்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி

மார்ச் 8

அன்புள்ள மகாராணிக்கு,

மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. நேற்று முன்தினம் நம் வழக்கமான டாக்டர் என் நெஞ்சில் ஒரு கருவியை ஒட்டி அனுப்பினார். இருபத்துநான்கு மணி நேரம் அது இதயத் துடிப்பைப் பதிந்தது. எந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று நானும் ஒரு தாளில் எழுதினேன். நாள் முழுக்க ஒழுங்காம். காலை பதினொன்றரைக்கு மட்டும் எகிறியிருக்கிறது. மாடி ஏறினேன் என்று எழுதிவிட்டேன். நீ நிம்மதியாக இரு.

உன் கிரேன்காரன்

மார்ச் 10

என்னவருக்கு,

நாம் இருப்பது தரைத்தளம். எந்த மாடியில் ஏறினீர்கள்? டாக்டரிடமே பொய் சொல்கிற அளவுக்கு என்ன நடந்தது? எனக்குக் கை கால் ஓடவில்லை. ஞாயிறு காலை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். பரிசோதனைக்கு நானே கூட வருகிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 12

அன்புள்ளவளுக்கு,

பதினொன்றரைக்குத் தபால்காரர் வந்தார். உன் கடிதத்தைப் பிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சொன்னார்: "இதயத்துக்கு ரெண்டு வகை நரம்புங்க. ஒண்ணு விரட்டும், ஒண்ணு அடக்கும். மனசுல பதட்டம் இருந்தா விரட்டுறது ஓயாது, அடக்குறது சோந்து போயிடும். பிரஷர் இருக்கிறவங்களுக்கு இது இன்னும் மோசம். வீட்ல யாரைப் பாத்துப் பயப்படுறீங்க?"

எனக்கு உன் நினைவுதான் வந்தது. மதியம் நான் கண்ணயர்ந்தால் நீ வந்து நாடி பிடித்துப் பார்ப்பாய். தூங்குவதுபோல் படுத்திருப்பேன். எண் கூடினால் உன் முகம் வெளுக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கூடும். நான் அனுப்பிய கணக்கு அத்தனையும் நிஜம். தயவுசெய்து ஞாயிறு வராதே. இதை எழுதுகிற கை என்னுடையதுதானா என்று எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

உன்னவன்

மார்ச் 14

என்னவருக்கு,

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் பரிசோதனைக்குப் போயிருப்பீர்கள். நல்லபடியாக முடியட்டும்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், அழுகைதான் வந்தது. பதினாறு வருஷமாக உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு எனக்குப் பயந்து கிடந்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அக்கா வீட்டுத் தெருவில் ஒரு தையல் கடையில் ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். கொஞ்ச நாளைக்குக் கடிதம் போடாதீர்கள். உங்கள் கையெழுத்தைக் கண்டாலே என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

உங்கள் மனைவி