நீங்கள் தைத்த பெல்ட்

கடல் மணத்தோடேயே வீட்டுக்குள் வரும் என் அப்பாவுக்கு,

மாரி மழை தொடங்கிவிட்டது. நான்கு நாளாகப் பேசாலையில் வெயில் இல்லை. படுக்கையிலிருக்கும் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்சீற் மாற்றவேண்டியிருக்கிறது. கொடியில் போட்டால் புழுங்கிய மணம் வருகிறதே தவிரக் காய்வதில்லை. அதனால் குசினியில் அடுப்புக்கு எதிர் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த உடுப்புக் காயவைக்கும் மெசினை நேற்று மறுபடியும் ஓட்டினேன். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை.

அதே சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடி, யாரோ பின்கதவைக் குத்துவதுபோல.

போன மாரியில் இந்தச் சத்தத்துக்காகத்தானே உங்களோடு சண்டை பிடித்தேன்? காலையில் நான் மன்னாருக்கு வேலைக்குப் போகும்போது ஒழுங்காக ஓடிய மெசின், பின்னேரம் வந்து பார்த்தால் வீட்டையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. நீங்கள்தான் கழற்றிப் பழுதாக்கிவிட்டீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"எல்லாத்தையும் வலையெண்டு நினைச்சுக் கை வைக்காதேங்கோ அப்பா. வருத்தக்காரி படுத்திருக்கிற வீட்டில இது என்ன சத்தம்?"

"சத்தம் போட்டாலும் காயுதுதானே பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னீர்கள். மெசின் கதவுக் கொளுக்கியும் உடைந்திருந்ததால், கதிரையைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து, உடுப்புக் காயும்வரை அசையாமல் இருந்தீர்கள். இரண்டு கிழமை, பதினான்கு நாள், நான் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் கிழமை கரையில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கேட்காது என்று தெரிந்தும், சேமக்காலையில் அடக்கம் செய்யக் கொண்டுபோகும்வரை ஓயாமல் பேசினேன்.

நேற்றுத் திருப்புளியை எடுத்துப் பின்தகட்டைக் கழற்றினேன். உள்ளே உருளையைச் சுற்றும் பெல்ட் அன்றைக்கே அறுந்திருக்கிறது. அறுந்த நுனிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நீல வலை நூலால் தைத்திருந்தீர்கள். வலைக்குப் போடும் அதே முடிச்சு, வரிசையாகப் பதினொன்று. அந்தத் தடிப்பு மோட்டர்ச் சில்லில் ஏறி இறங்கும்போதுதான் இடித்திருக்கிறது. நூல் நுனிகளில் நீங்கள் பல்லால் கடித்த அடையாளம் அப்படியே இருந்தது.

மெசினை நீங்கள் பழுதாக்கவில்லை. அது நின்றுபோன அன்று, அம்மா ஈர விரிப்பில் கிடக்கக்கூடாது என்று, கையில் இருந்ததை வைத்து ஓடவைத்திருக்கிறீர்கள். ஏன் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை? நானாகக் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? குசினி நிலத்திலேயே இருந்து அழுதேன்.

இன்று மன்னாரில் அளவு பார்த்துப் புதுப் பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன். கொஞ்சமும் சத்தமில்லாமல் ஓடியது. எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. அப்போது அறைக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருக்கு ஞாபகம் வருவதும் போவதுமாக இருந்தது உங்களுக்குத் தெரியும்.

"பிள்ளை, மெசின் நிண்டிட்டுது. அப்பா கடலுக்குப் போயிட்டாரோ?"

அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் குசினியில் கதிரையில் இருக்கிறீர்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. போன மாரியில் அந்த இரண்டு மூன்று கிழமையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார். அவருக்குத் தொல்லை என்று சொல்லித்தானே நான் உங்களை ஏசினேன்?

"இல்லையம்மா, போகேல்லை" என்றேன். புதுப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உங்களுடையதைத் திரும்ப மாட்டினேன். சத்தம் தொடங்கியது. அம்மா "ஓம்" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

உங்கள் கதிரையில், அந்தக் கதவில் முதுகைக் கொடுத்தபடி இருந்துதான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முதுகில் இடிக்கிறது. உங்களுக்கும் நொந்திருக்கும், அதையும் நீங்கள் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா. இந்தப் பெல்ட் ஒருநாள் அறும். அறுந்தால் அதே நீல நூலால், அதே முடிச்சுப் போட்டு நானே தைப்பேன். அம்மா இருக்கும்வரை நீங்கள் கடலுக்குப் போகமாட்டீர்கள்.

இரண்டு கிழமை உங்களோடு பேசாமலிருந்த
உங்கள் மகள்