நீங்கள் சரியாகத்தான் பூட்டினீர்கள்

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளில் இருந்து உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போதும் வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பழகியபடியே தொடங்குகிறேன். கேட்கிறதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், மற்ற ஊர்ப் புதினங்கள் பிறகு. அன்று பின்னேரம் வயலில் நீங்கள் துவக்கைச் சரியாகத்தான் பூட்டினீர்கள். பிழை உங்களில் இல்லை.

கிளிநொச்சி ஆசுபத்திரியில் உங்கள் கழுத்தையும் தாடையையும் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பேசக்கூடாது என்று தாதி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனா. நீங்கள் கேட்கிற ஆளா? கண்ணால் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

“நான்தான் வடிவாப் பூட்டேல்லைப் போல. காட்டுப் பண்டியைக் கண்ட அவசரம். லீவரை முழுக்க இழுக்காமல் சுட்டிட்டன்.”

“இப்ப அந்தக் கதை ஆருக்கு வேணும்? பேசாமல் படுங்கோ,” என்றேன்.

நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிக்கொண்டு போகையில், ஆனையிறவு தாண்டுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். செய்யாத பிழையைச் செய்ததாக நினைத்துக்கொண்டு போனீர்களே, அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

துவக்கு என்று யாராவது சொன்னாலே பேச்சை மாற்றுகிற வீடு எங்களுடையது. அந்தச் சத்தத்துக்கு ஊர் ஊராக ஓடிய ஆட்கள் நாங்கள். ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி வந்து, காடாகிக் கிடந்த வயலை வெட்டித் திருத்தி விதைத்தால், பன்றி வந்து உழுதுவிட்டுப் போனது. தகரம் தட்டினோம். சீனவெடி கொளுத்தினோம். பழைய சீலைகளை வரம்பு நீளத்துக்குக் கட்டினோம். ஒன்றுக்கும் அடங்கவில்லை. கடைசியில்தான் பயிர்க் காவலுக்கென்று அரசாங்கம் கொடுக்கும் துவக்கு அனுமதிக்கு எழுதிப் போட்டீர்கள்.

புத்தம் புதிய ஒற்றைக் குழல் துவக்கோடு நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. நீங்களே குசினி வாசலுக்கு வந்து காட்டினீர்கள். அடியில் ஒரு லீவர். அதைத் தள்ளினால் குழல் மடிந்து திறக்கும். தோட்டாவை வைத்து, குழலை நிமிர்த்தி, லீவரைப் பழையபடி இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும்.

“பாரும் பவளம், என்ன மினுக்கம்!” என்றீர்கள். அந்த மினுக்கத்தை நம்பினீர்கள். யார்தான் நம்பமாட்டார்கள்?

மரண விசாரணைக்கு, அந்தத் துவக்கைப் பரிசோதித்த அதிகாரி கொழும்பில் இருந்து வந்திருந்தார். அவர் சிங்களத்தில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். வெடித்த நேரத்தில் லீவர் முழுதாகப் பூட்டிய நிலையில் இருந்ததாம். உள்ளே குழலைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய இரும்புக் கொளுக்கிதான் குறையாகச் செய்யப்பட்டிருந்ததாம். அது தன் இடத்தில் முழுக்க இறங்காமல் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அன்று விட்டுவிட்டது; குழல் மடிந்து திறந்து, வெடி பின்பக்கமாக உங்கள் மேலேயே பாய்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் பூட்டியதாகத்தான் தெரியும்.

எனக்கு எழுந்து ஓடிப்போய் உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. எங்கே ஓடுவது?

வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியிடம் போனேன். “வாங்கேக்கை பாத்திருந்தால் இது தெரிஞ்சிருக்குமோ எண்டு கேளுங்கோ.”

அவர் கையில் இருந்த குடையை மடித்தார். எனக்காகப் பொய் சொல்ல நினைத்தாரோ என்னவோ. பிறகு, எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அப்படியென்றால் எங்கே என்று கேட்டேன். வெயிலில் நின்றபடியே தன் குடையைத் துவக்குப் போலப் பிடித்துக் காட்டினார். தேவாரம் போல அதைப் பாடமாக்கிக்கொண்டு வீடு வந்தேன். உங்களுக்கு இனி உதவாத ஒன்றை ஏன் பாடமாக்கினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

இனிப் புதினங்கள். உங்கள் தம்பி ரகுதான் இப்போது எங்கள் வயலையும் சேர்த்துச் செய்கிறார். நீங்கள் போன பிறகு பன்றிகளுக்குக் கொண்டாட்டம். வரம்பைச் சுற்றிக் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ரகுவும் அரைமனதாகத் தலையாட்டினார். “மாடு வரும், மனுசர் வரும். கரண்டுக்கு ஆள் தெரியுமோ?” என்று நான் மறித்துவிட்டேன். அதனால்தான் அவர் தன் பெயரில் துவக்கு அனுமதிக்கு எழுதிப் போட்டார்.

அனுமதி வந்த செய்தியை வவுனியாவில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் சுகிக்குச் சொன்னேன். தொலைபேசியிலேயே சொன்னாள்: “அம்மா, அந்தச் சாமான் திரும்ப எங்கட வளவுக்கை வந்தால் நான் அங்கை கால் வைக்கமாட்டன்.” அவளைப் பிழை சொல்ல முடியுமா?

துவக்கு வாங்க ரகு வெளிக்கிட்டபோது நானும் சீலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

“அண்ணி, நீங்கள் ஏன்? துவக்குக் கடையிலை உங்களுக்கு என்ன வேலை?”

“எனக்குத்தான் அங்கை வேலை, ரகு.”

வவுனியாவில் அந்தக் கடைக்காரர் எடுத்து வைத்த முதல் துவக்கைக் கண்டதும் ரகுவின் முகம் மலர்ந்துவிட்டது. கருநீலக் குழல், தேன் நிறத்தில் மரக்கட்டை. உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “முதல் அது வெறுமையோ எண்டு திறந்து காட்டுங்கோ,” என்றேன். காட்டினார். பூட்டச் சொன்னேன். பூட்டினார். குழலும் உடலும் சேருகிற இடத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன்.

மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தது. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுப் பூட்டி, குழலைப் பிடித்து ஆட்டச் சொன்னேன். டக் டக் என்று மெல்லிய சத்தம். உங்களுடையதும் வாங்கிய அன்று இப்படிச் சத்தம் போட்டிருக்கும். நான் குசினிக்குள் இருந்தேன்.

“புதுசு அம்மா, அப்பிடித்தான் இருக்கும். பாவிக்கப் பாவிக்க இறுகும்,” என்றார் கடைக்காரர்.

“இரும்பு பாவிக்கத் தேயுமே தவிர இறுகாது, தம்பி. மற்றதை எடுங்கோ.”

அடுத்ததில் வெளிச்சம் தெரியவில்லை. ஆட்டமும் இல்லை. குழலுக்குள்ளே பார்த்தால் வட்டம் வட்டமாக நிழல் ஒழுங்காக விழுந்தது, கோணல் இல்லை. சோதித்துப் பார்த்ததற்கான முத்திரையும் இருந்தது. ரகு பெருமூச்சு விட்டார். ஆனால் பின்கட்டை இரும்போடு சேருகிற இடத்தில் ஒரு பக்கம் இடைவெளி. சுடும்போது வருகிற உதை முழுவதும் மற்றப் பக்கத்தில் விழுந்து கட்டை பிளக்கும். அதோடு லீவர் தன் இடத்துக்கு வந்தும் லொடலொடவென்று கிடந்தது. வேண்டாம் என்றேன்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “அம்மா, கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லே பாக்கிறியள்!”

“இந்த மாதிரிச் சாமானுக்கு என்ரை மனுசனைக் குடுத்திட்டன் தம்பி. அதுதான் பாக்கிறன்.”

துவக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வேறு இல்லை, வந்தால் அறிவிக்கிறேன் என்றார். வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

மாங்குளம் தாண்டும்போது ரகு என் பக்கம் திரும்பினார். “அண்ணி, கதிர் முத்தப்போகுது. நீங்கள் வெளிச்சம் பாத்து முடியுமட்டும் பண்டி காத்துக்கொண்டு நிக்காது,” என்றார்.

“நெல்லு திரும்ப முளைக்கும், ரகு.”

சொல்வது சுலபம். அந்தக் காலபோக விளைச்சலில் வாய்க்கால் பக்கத்து வயல் முழுவதையும் பன்றி அழித்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது கதிரெல்லாம் சேற்றோடு மிதிபட்டுக் கிடந்தது. ரகு வரம்பில் குந்தியிருந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நான் செய்தது சரியா? உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அறுவடை முடிந்த பிறகு கடைக்காரரே அழைத்தார். “அம்மா, புதுசா வந்திருக்கு. நீங்கள் பாத்த இடமெல்லாம் நானும் பாத்தனான். ஒண்டைப் புறம்பா எடுத்து வைச்சிருக்கிறன். ஆனால் நீங்களும் வந்து பாருங்கோ, அப்பதான் எனக்கும் நிம்மதி.”

போய்ப் பார்த்தேன். வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. லீவர் இறுக்கமாக வந்து தன் இடத்தில் நின்றது. கட்டையும் இரும்பும் விரலுக்குத் தட்டுப்படாமல் ஒன்றாக இருந்தன. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று கனநேரம் தேடினேன். கிடைக்கவில்லை. “எடும், ரகு,” என்றேன்.

அடுத்த விதைப்புக்கு முன் ஒரு காலையில் வயல் கரையில் வைத்து ரகு அந்தத் துவக்கால் முதல் வெடியை வைத்தார். சுகி வந்திருந்தாள். வளவுக்குள் கால் வைக்கமாட்டேன் என்றவள், சித்தப்பா சுடும்போது அம்மா தனியே நிற்கக்கூடாது என்று விடிய முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். நாங்கள் இருவரும் வேம்புக்குப் பின்னால் நின்றோம். சத்தம் கேட்டதும் நான் அப்படியே நிலத்தில் குந்தி இருந்துவிட்டேன். கண்ணைத் திறக்கப் பயம். சுகி என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

ரகு துவக்கைத் திறந்து வெறுமையாக்கி மரத்தில் சாய்த்துவிட்டு நடந்து வந்தார். எனக்கு முன்னால் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் சின்னப்பிள்ளை போல விரித்துக் காட்டினார். “அண்ணி, பாருங்கோ. எனக்கு ஒண்டுமில்லை.”

அவருடைய கைகளைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பிறகுதான் அழுகை வந்தது. உங்கள் செத்தவீட்டில்கூட நான் அப்படிக் கத்தி அழவில்லை. ரகுவும் அழுதார். சுகி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “சித்தப்பா, அப்பாவும் பிழை விடேல்லை, தெரியுமோ?” என்றாள். “தெரியும் பிள்ளை,” என்றார் ரகு.

இந்தப் போகம் கதிர் நன்றாக முற்றிச் சாய்ந்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்த மொட்டைக்கறுப்பன் நெல் ஒரு துண்டில் போட்டிருக்கிறோம்.

போன கிழமை ஜெயபுரத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய புருசனுக்குத் துவக்கு அனுமதி கிடைத்திருக்கிறதாம். “அக்கா, வாங்க முதல் நீங்கள் ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுவியளோ?” என்று கேட்டாள். எனக்கு அந்த எண்ணெய் மணம் நினைத்தாலே தலை சுற்றுகிறது. இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தேன். அவள் வயிற்றில் பிள்ளை. வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

“வாறன் பிள்ளை,” என்றேன். இனி யார் வந்து கேட்டாலும் போவேன். கால் நடக்குமட்டும், கண் தெரியுமட்டும் போவேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. நாளைக்குக் காலமை பஸ்ஸுக்கு அவளோடு வவுனியாவுக்குப் போகிறேன்.

என்றும் உங்கள் மனைவி,
சுகியின் அம்மா,
பவளம்
ஸ்கந்தபுரம்