நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றார்கள்

என் செல்லச் சண்டைக்காரி அபிக்கு,

வரும் வெள்ளிக்கிழமை உனக்கு வருஷத் திதி. பெரியம்மா எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை. உன் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள், ஆனாலும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நான்தான் காரணம் என்று உன் அம்மா நினைக்கிறாள். இல்லை என்று நானும் இதுவரை சொல்லவில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று உன்னிடம் தீர்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

கடலில் நீந்துவது நீ போட்ட திட்டம். தஞ்சாவூரில் உன் வார்டுக்கு வெளியே பெரியம்மா துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தாள். அவளோடு வராண்டா நிறைய அம்மாக்கள். கீமோ ஏறிக்கொண்டிருந்த கையை நீட்டி நீ சொன்னாய். "எனக்கு ஒண்ணும் வேணாம்டி. இவங்க படுக்க ஒரு ரூம் கட்டச் சொல்லு. நீதான் எருமை மாதிரி தண்ணியிலேயே கெடப்பியே, நீந்திக் காட்டி வசூல் பண்ணு."

வேளாங்கண்ணியிலிருந்து நாகூர் வரை என்று முடிவானது. பதினேழு வயதுப் பெண் கடலில் நீந்துகிறாள் என்றதும் ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். விழாக் குழு முளைத்தது. கீழ்வேளூரில் அப்பாவின் உரக்கடைக்கு எதிரிலேயே ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் முகம் எலுமிச்சம்பழம் அளவு, சிறப்பு விருந்தினரின் முகம் பூசணிக்காய் அளவு. போட்டோவைப் பார்த்துவிட்டு, "இவரு நீந்துறாரா, நீ நீந்துறியா?" என்று நீ கேட்டாய். உன்னைச் சிரிக்கவைத்ததற்காகவாவது அந்த ஃப்ளெக்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் தண்ணீரில் இறங்கியது காலை ஆறு மணிக்கு. நீ போனது ஆறரைக்கு. ஆறே முக்காலுக்குப் பெரியம்மா, படகில் இருந்த என் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள்.

அப்போது எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? காதில் தண்ணீர், கண்ணில் கண்ணாடி. பக்கத்தில் ஃபைபர் படகு. அதில் அப்பா, படகோட்டும் மாரியண்ணன், போனில் லைவ் போட்டுக்கொண்டு வந்த விழாக் குழுக்காரர். நான் படகைத் தொட்டுவிட்டால் நீச்சல் செல்லாது என்பதால் குளுக்கோஸ் பாட்டிலைக் கயிற்றில் கட்டி எறிவார்கள். இரண்டாவது பாட்டில் வந்தபோது கேட்டேன்.

"அப்பா, அபி பாக்குறாளா?"

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கா. நீ நீந்து."

அப்பாவின் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மல்லாந்து மிதந்து, அந்தப் போனைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். நாக்கைத் துருத்தினேன். "அபி, எருமை வருது பாருடி" என்று கத்தினேன். அந்த வீடியோ இன்னமும் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள்.

பாதித் தூரம் தாண்டியதும் மாரியண்ணன் மட்டும் படகை நெருக்கிக் கொண்டுவந்து, "பாப்பா, ஏறிக்கிறியா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். என்னால் முடியாது என்று நினைக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இன்னும் வேகமாக அடித்தேன். அந்தப் படகில் ஒரே ஒரு மனுஷன் இருந்திருக்கிறார், அவரைத்தான் நான் முறைத்தேன்.

நாகூரில் கரையேறும்போது மணி பன்னிரண்டரை. சொறிமீன் கொட்டித் தோளெல்லாம் தடித்திருந்தது. ஈரம் சொட்டச் சொட்ட மேடையில் ஏற்றி, துண்டுக்கு மேலேயே ரோஜா மாலையைப் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். "தன் அன்புத் தங்கை இன்று காலை இயற்கை எய்திய செய்தி அறிந்தும், கலங்காமல் கடலை வென்ற வீரமங்கை..."

கைதட்டினார்கள், அபி. நானும் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை என்பது அப்புறம்தான் உறைத்தது. நீ இல்லை என்பதை எனக்கு ஒலிபெருக்கி சொன்னது.

கும்பகோணத்தில் உங்கள் வீட்டுக்குக் காரில் வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. சின்ன வயசுச் சாவு, ரொம்ப நேரம் போட்டுவைக்க வேண்டாமென்று பெரியவர்கள் இரண்டு மணிக்கே உன்னை எடுத்துவிட்டார்கள். உங்கள் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் எல்லோரும் தலை முழுகுவார்கள். நான் உப்புத் தண்ணீரில் முழுகிவிட்டு வந்து நின்றேன். பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"முடிச்சிட்டுதான் வருவேன்னு சொன்னியாமே. முடிச்சிட்டியா?"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாதான் அழுதுகொண்டே சொன்னாள். காலையில் பெரியம்மா போனில், "பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க, அவ வந்து மொகத்தப் பாக்காம நான் எடுக்க விட மாட்டேன்" என்றாளாம். அதற்கு என் அப்பா, "அவகிட்ட சொல்லிட்டேன் அண்ணி, முடிச்சிட்டுதான் வருவேங்கிறா" என்றாராம். அதன் பிறகுதான் பெரியம்மா பிடிவாதத்தை விட்டிருக்கிறாள்.

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. "முடிச்சிட்டேன் பெரியம்மா" என்றேன். அபி, என் வாயால் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பாவிடம் வீட்டுக்கு வந்து கேட்டேன். "நடுக்கடல்ல சொன்னா உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்துட்டேம்மா" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. நம் குடும்பத்தில் இப்படி மறைப்பது புதிதும் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது தாத்தா இறந்ததை என்னிடம் ஒளித்தார்களே, நீதானே போன் போட்டுச் சொன்னாய்? அழுதுகொண்டே கணக்குப் பரீட்சை எழுதினேன். செத்தா போய்விட்டேன்?

"படகுல ஏத்திட்டு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"கரையில அவ்வளவு பேரு காத்துக்கிட்டிருந்தாங்களேம்மா" என்றார்.

அந்த அவ்வளவு பேரில் ஒருவர் பெயராவது இன்று அவருக்கு ஞாபகம் இருக்குமா?

நீ கேட்ட ரூமைக் கட்டிவிட்டார்கள். கட்டில், ஃபேன், தண்ணீர் எல்லாம் இருக்கிறது, அம்மாக்கள் படுத்துத் தூங்குகிறார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் வாசலில் கருங்கல்லில், தங்கையின் மரணச் செய்தி அறிந்தும் நீந்திய மாணவி என்று என் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. இரண்டு பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுத் துக்கத்தை வென்றது எப்படி என்று பேசச் சொன்னார்கள். போய்ப் பேசினேன்டி. எனக்கும் வெட்கமில்லை. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அம்மா, "பெரியம்மா மனசு ஆறட்டும், அப்பா மானம் போயிடும்" என்று அடக்கிவிடுவாள்.

நான் இப்போது தஞ்சாவூரில் காலேஜ் முதல் வருஷம். அந்தக் கல் இருக்கும் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் பஸ் போகிறது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் விழாக் குழு மறுபடி வீட்டுக்கு வந்தது. இந்த வருஷமும் நான் நீந்த வேண்டுமாம், உன் பெயரில். ஃப்ளெக்ஸ்கூட அடித்தாகிவிட்டது. இந்தத் தடவை உன் படமும் இருக்கிறது, மொட்டைத் தலையோடு. அதைப் போடச் சொல்லி அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? முடியாது என்றேன். அவர்கள் போனதும் அப்பாவிடம், "வெள்ளிக்கிழமை கும்பகோணம் போறேன். பெரியம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்" என்றேன்.

அப்பா ரொம்பச் சிறுத்துவிட்டார். "அவங்க என்னை மன்னிக்கவே மாட்டாங்கம்மா."

"மன்னிக்க வேணாம்பா. யார் மேல கோவப்படணும்னாவது அவங்களுக்குத் தெரியட்டும்."

அப்பா என்னோடு வருவாரா, தெரியவில்லை. வராவிட்டால் தனியாகத்தான் போவேன். பெரியம்மா உள்ளே கூப்பிட்டாலும் சரி, தெருவிலேயே நிற்கவைத்தாலும் சரி, உன் படத்துக்கு முன்னால் இலை போடுவதற்குள் சொல்லிவிடுவேன். அப்பா சொன்ன பொய்யை மட்டும் இல்லை, நான் சொன்னதையும் சேர்த்து. இது உன்மேல் சத்தியம், அபி.

நாலு மாசம் மூத்தவள் என்று நீ ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத உன் அக்கா,
நித்யா