போர்டில் இருந்த என் மகள்

என் அன்பு மகள் ஜெஸ்பினுக்கு,

கர்த்தர் காப்பதால் நானும் அப்பாவும் சுகம், அந்த ஊர்க் குளிர் உன் நெஞ்சில் ஏறக்கூடாது என்பதுதான் தினமும் எங்கள் ஜெபம். இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் மக்கா, போனில் பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார், அதனால் உன் கூட்டுக்காரி ஷாஹினாஸ் ஜெர்மனிக்குக் கிளம்புகிறாள் என்றதும் பலாச்சக்கை வற்றலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

தக்கலையில் ஒரு ஜெர்மன் கோச்சிங் சென்டர் வாசலில், நர்ஸ் உடுப்பில் நீ நிற்கும் படத்தைப் பெரிய ஃபிளக்ஸாக மாட்டி, எங்கள் மாணவி என்று போட்டிருந்தார்கள். நீ அங்கே கால் வைத்ததே இல்லை என்று தெரிந்தும், பெருமை தாங்காமல் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன், என் புத்தி அப்படி. பக்கத்து வீட்டு ஜாஸ்மி வந்து, அக்கா படித்த இடம்தானே மாமி, சனிக்கிழமை நானும் சேரப்போகிறேன் என்றாளே, அப்போதுதான் அந்தப் படம் செய்யும் வேலை புரிந்தது.

ஷரீஃப் வக்கீலிடம் ஓடினேன். படத்தை எடு, இனி எங்கேயும் போடாதே என்று நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் பதினைந்து நாள் கெடு கொடுக்கவேண்டும் என்றார். அதற்குள் ஜாஸ்மி சேர்ந்துவிடுவாளே. அப்பாவோ, மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் வக்கீலா, சென்டர் நடத்துகிறவன் நம் சபைக்காரன் வேறு, சும்மா இரு என்றார். எனக்கும் பயம்தான். ஆனாலும் சனிக்கிழமை போய், போர்டை இறக்கு தம்பி என்றேன். உங்கள் பிள்ளைக்கு ஓசி விளம்பரம்தானே அக்கா, சாயா குடியுங்கள் என்று சிரித்தான். பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஜாஸ்மியும் இருந்தாள். அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, போர்டில் இருப்பது என் மகள், அவள் படித்தது திருவனந்தபுரத்தில், இங்கே ஒருநாளும் வந்ததில்லை என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அப்போ மற்ற படங்களும் இப்படித்தானா என்று ஒரு அம்மா கேட்டாரே, அவ்வளவுதான், நாற்காலிகள் காலி! அக்கா அக்கா என்று பின்னால் ஓடிவந்தவன் தானே ஏணி வைத்து ஏறி உன்னை இறக்கினான். சுருட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன், கண்டக்டர் லக்கேஜ் கேட்டார், பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, உள்ளே இருப்பது என் மகள் என்றேன், பஸ்ஸே சிரித்தது.

அப்பா இதைச் சபை முழுக்கச் சொல்லித் திரிகிறார், ஆனால் இறங்கியாச்சே, இனி நோட்டீஸ் எதற்கு என்கிறார். அவனுடைய அஞ்சுகிராமத்துக் கிளையில் உன் முகம் இன்னும் இருக்கிறதாம். ஊர் ஊராகப் போய் நான் உட்கார முடியுமா? யோசித்துவிட்டேன், நோட்டீஸ் அனுப்பத்தான் வேண்டும். இதற்காக ஒரு மாப்பிள்ளை வீடு வேண்டாம் என்றால், அந்த வீடு நமக்கு வேண்டாம்.

முகம் உன்னுடையது, அதனால் கையெழுத்தும் உன்னுடையதுதான் வேண்டுமாம், உள்ளே இருக்கும் வக்கீல் தாளில் மறக்காமல் ஓர்மையாகப் போட்டு அனுப்பு. இரவு டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன் கூடவே நடப்பார். எங்கே சேர்ந்தால் நல்லது என்று ஜாஸ்மியை நீயே கூப்பிட்டுச் சொல், போனைக் கையில் வைத்தபடி காத்திருக்கிறாள்.

ஜெயித்து வந்த உன் அம்மா,
பூங்கனி