ஏழாம் லயத்துப் பத்திரங்கள்

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முன்பள்ளிக்குப் பதினொரு பிள்ளைகள்தான். மத்தியானமே அனுப்பிவிட்டேன்.

ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் என்று ஒரு சத்தம். கூரை ஒழுகுகிறதென்று நினைத்தேன். கழற்றிச் சொருகினேன். மூன்றாவது தடவைதான் திறந்தது. பார்த்ததும் மூடிவிட்டேன்.

உள்ளே: எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏழு லயங்களிலும், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற ஆட்களின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, அடையாள அட்டை. இரண்டு வருடமாக ஒவ்வொரு குடும்பத்து அறையாக, காம்பரா காம்பராவாகப் போய் நான் எடுத்த படங்கள். கூடவே என் வீட்டுப் படங்கள். சாவதற்கு முந்திய மாதம் அப்பா பேசிய வீடியோக்கள்.

வேறு கொப்பி கிடையாது. லெப்டொப்பில் இடமில்லை. இன்னொரு பிரதி எடுக்க எத்தனை தடவை நினைத்தேன். செய்யவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மூன்று மணி பஸ். பதுளை. கம்ப்யூட்டர் திருத்தும் ஃபாசில் நானா டிஸ்கைக் காதோடு வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி.

"இது கனநாள் தாங்காது டீச்சர். சும்மா சும்மா போட்டுப் பாக்க வாணாம். எங்க ஏத்துறதுன்னு முடிவெடுங்க, ஒரே மூச்சுல ஏத்துவோம்."

எங்கே ஏற்றலாம், பஸ்ஸில் எழுதியது:

போனோடு வந்த இலவச இடம். முக்கால்வாசி நிறைந்துவிட்டது. போனில் அழித்தால் அங்கேயும் அழியும். "அது பேக்கப் இல்ல, கண்ணாடி" என்றார் நானா.

டவுனில் ஒரு கம்பனி. தமிழில் பேசுகிறார்கள். "எல்லாம் நாங்க பாத்துக்குவோம் மிஸ்." படங்களையும் பார்ப்பார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

வெளிநாட்டுச் சேவை ஒன்று. இங்கேயே பூட்டித்தான் அனுப்பும். அவர்களாலும் திறக்க முடியாது. நாம் திறவுச்சொல்லை மறந்தால் யாராலும் முடியாது. மாதாமாதம் கட்டணம்.

மூன்றாவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். நான் எதையும் மறப்பவள்.

நவம்பர் 12, புதன்

தூறல். காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்து முடியும் வரை நின்று கேட்டேன். உங்கள் பத்திரங்களை இன்டர்நெட்டில் ஏற்றவா என்று. பெரும்பாலும் "ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர்."

பரமேஸ்வரி அக்கா மட்டும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அவர் மகள் அடிக்கிற புருஷனை விட்டு ஓடி, வேறு ஊரில் இருக்கிறாள்.

"அவ இப்ப இருக்க வெலாசம் அதுல இருக்கு. அந்தாளு போன் கடையிலதான் வேல செய்றான். அவன் கண்ணுல படுமா, படாதா? அத மட்டும் சொல்லுங்க."

பூட்டித்தான் போகும் என்றேன்.

"சரி. சாவி ஒங்ககிட்ட. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. பிறகு முடிவு செய்தேன்: மூன்றாவதுதான். திறவுச்சொல் இரண்டு தாளில். ஒன்று என் அலுமாரி. மற்றது ப. அக்காவிடமே. வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். கையை நீட்டினார்.

சாயங்காலம் முனியாண்டி மாமா போன். ஏழாம் லயத்துக் கடைசிக் காம்பரா அவருடையது. போன வருட மண்சரிவில் புதைந்தது. இப்போது அப்புத்தளையில், தங்கச்சி வீட்டில். வீடிழந்தவர்களுக்கான புது வீட்டுப் பட்டியலுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்களாம். அசல் மண்ணுக்குள். பிரதேச செயலகத்தில் முனியாண்டி என்று இரண்டு தடவை தேடியும் அவர் பெயரே இல்லையாம்.

"நீங்க எடுத்த படம் இருக்குல்ல டீச்சர்? சனிக்கிழம வாறேன்."

இருக்கு மாமா என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

நானா கடை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே ஏறினால்தான் சிக்னல், கடையில் வேகமான லைன். என் லெப்டொப்பில் டிஸ்க் முதல் தடவையிலேயே திறந்தது.

"மொதல்ல என்ட மெஷினுக்குக் கொப்பி பண்ணுவோம், பொறகு ஆறுதலா, மெதுவா ஏத்தலாம்."

கடை மெஷினில் ஊர்ப் பத்திரம் வேண்டாம் என்றேன். ப. அக்காவுக்குச் சொன்ன வார்த்தை. நானா தோளைக் குலுக்கினார்.

அப்பா வீடியோக்களை முதலில் ஏற்றினேன். பெரிய கோப்புகள். கடை மூடும்வரை அதற்கே சரியாகிவிட்டது. ஒன்றைத் திரும்ப இறக்கிப் பார்க்கச் சொன்னார் நானா. "ஏத்துறது பெருசில்ல, எறங்குதான்னு பாக்கணும்." இறங்கியது. அப்பா இருமினார். அழாமல் பஸ் ஏறினேன்.

நவம்பர் 14, வெள்ளி

லயம் 1 சரி. 2, 3, 4 சரி. 5 நின்று நின்று போனது. 6 சரி. ஏழு தொடங்கியது. ஒரு படமும் ஏறவில்லை. டிக், டிக், டிக். பிறகு சத்தமே இல்லை.

நானா வயரை மாற்றினார். வேறு மெஷினில் போட்டார். "கொழும்புக்கு அனுப்பிப் பாக்கலாம். நிச்சயமில்ல." நேற்று சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏழில் மற்றவர்களுக்கு அசல் இருக்கிறது, திரும்ப எடுக்கலாம். மாமாவுக்கு இல்லை. நேற்று அப்பாவுக்கு முன்னால் ஏழாம் லயத்தை ஏற்றியிருந்தால் பத்து நிமிடம் போதும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

லெப்டொப்பை மூடப் போனேன். திரையில் காத்திருக்கும் கோப்புகளின் வரிசை. படங்கள் இல்லை, பெயர்கள் மட்டும். நான் அன்றைக்கு வைத்த பெயர்கள்: லயம், ஆள், சான்றிதழின் பதிவு எண், வருடம். கடைசி வரி மு. மாமா. எண் முழுதாக இருந்தது. கையில் எழுதினேன். போனிலும் எடுத்தேன். நானாவையும் எழுதி வைக்கச் சொன்னேன்.

நவம்பர் 15, சனி

பத்து மணிக்கு மாமா. நனைந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கும் முன்னே சொல்லிவிட்டேன். படம் போய்விட்டது, எண் இருக்கிறது. அப்பாவை முதலில் ஏற்றியதையும் சொன்னேன்.

கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

"அப்பா பேசுறது கேக்குதா அதுல?"

கேக்குது மாமா.

"திங்கக்கிழம நீங்களும் வாங்க. எனக்கு அந்த ஆபீஸ்ல பேச வராது."

கோபமா இல்லையா, தெரியவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 17, திங்கள்

முன்பள்ளிக்கு லீவு. பிரதேச செயலகம், நீள வரிசை. எண்ணைக் கொடுத்ததும் கவுண்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்கவில்லை. உள்ளே போனார். முக்கால் மணித்தியாலம். மாமா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால்? படமெடுத்த அன்றைக்கு அவசரத்தில், பெயரை வாசிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துத்தான் எழுதினேன்.

தடித்த பதிவுப் புத்தகத்தோடு வந்து, அந்த எண்ணுக்கு நேரே இருந்த பெயரை வாசித்தார். "முனியன்? முனியன் யாரு?"

யாரும் எழும்பவில்லை. எண் தப்புத்தான் என்று நினைத்தேன். மாமாவைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது.

"எங்க அம்மா மட்டுந்தான் அப்புடிக் கூப்புடும்" என்றார் என்னிடம். எழும்பிப் போனார்.