அங்கம்மா சந்து, திருவொற்றியூர்

அன்புள்ள ஜெஸ்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான், அப்பா, கடை மூவரும் சுகம். நீ, மருமகள், பேத்தி மூவரும் அந்த ஆக்லாந்துக் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிட்டு சிக்னல் சரியில்லை என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவர் ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டுப் பருப்பு டின்னை இறக்குகிறார், கேட்டால் டாக்டர் படியைத்தான் சொன்னார் ஸ்டூலைச் சொல்லவில்லை என்கிறார். மெட்ரோ வந்ததிலிருந்து மண்ணடிக்குச் சரக்கு பார்க்கப் போவது சுலபமாகிவிட்டது. கன்டெய்னர் லாரி வரிசை மட்டும் நீ இருந்தபோது எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. எண்ணூர்ப் பக்கத்துக் காற்று அடிக்கிற நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஜாபர் பாய் மகள் கல்யாணம் மீஞ்சூரில் நடந்தது, பிரியாணி நன்றாக இருந்தது, அப்பா இரண்டு பந்தியில் உட்கார்ந்தார், எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் சந்தின் பெயர்ப் பலகை தப்பாக இருக்கிறது என்று நீ அங்கே இருந்துகொண்டு இன்டர்நெட்டில் புகார் போட்டாயே, அதற்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. வந்த இடத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். பேத்திக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்த இடம் வந்தால் பொறுத்துக்கொள்.

நான் கல்யாணமாகி வந்தபோது திருவொற்றியூர் தனி நகராட்சி. சென்னை நமக்கு அடுத்த ஊர், மெட்ராஸ் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறுவோம். தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தவர்கள் கிடைத்த இடத்தில் வீடு போட்டார்கள், அவர்களை நம்பி உன் தாத்தா நாசரேத்திலிருந்து வந்து கடை போட்டார், ஜாபர் பாய் குடும்பம் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தது, அங்கம்மா காசிமேட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சந்துக்குப் பெயர் கிடையாது, தொழிற்சாலைச் சுவருக்குப் பின்பக்கம் என்று எழுதித்தான் தபால் வரும். தண்ணீரும் கிடையாது. இப்போது கடல் தண்ணீரையே குடிதண்ணீராக்கிக் குழாயில் விடுகிறார்கள், அப்போது லாரிதான், அதுவும் மெயின் ரோட்டோடு போய்விடும், சந்துக்குள் திருப்பினால் சக்கரம் புதையும் என்பார்கள். ஒரு கோடையில் அங்கம்மா, வெற்றி அப்போது அவள் வயிற்றில் இருந்தான், எல்லா வீட்டுக் காலிக் குடங்களையும் வாங்கி ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் வாய்க்கு வந்தபடி கத்தினார். "இன்னாத்துக்கு நைனா கூவிகினு கீற, ஏத்துறதுன்னா ஏத்து, இல்லாங்காட்டி சந்துல திருப்பு" என்றாள். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி திரும்பியது, சக்கரம் ஒன்றும் புதையவில்லை. அதன்பிறகு லாரி டிரைவர்கள் அங்கம்மா சந்துக்கு ஒரு லோடு என்று தங்களுக்குள் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரே ரேஷன் கார்டில் ஏறியது, தபாலில் ஏறியது, உன் பிறப்புச் சான்றிதழிலும் ஏறியது. லாரி நின்ற இடத்தில் பின்னால் குழாய் வந்து, அது குழாயடி முனை ஆயிற்று. நம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஜாபர் பாயின் நோன்புக் கஞ்சி அண்டா, உங்கள் கேரம் போர்டு, சாவு விழுந்தால் பந்தல், எல்லாம் அங்கேதான். ஓரமாக அங்கம்மாவின் கருவாட்டுக் கூடை. நீ கேரம் ஆடிவிட்டு டியூஷனுக்குப் போகாத நாளெல்லாம், "தம்பி அப்பவே பூட்சே" என்று எனக்குக் கூசாமல் பொய் சொன்னவள் அவள்.

நகராட்சி சென்னையோடு சேர்ந்து எத்தனையோ வருஷம் கழித்து, போன வருஷம்தான் நம் பக்கம் புதுப் பலகை வந்தது. எழுத வந்த பெயின்டர் பக்திமான். கையில் இருந்த துண்டுத் தாளில் அங்கம்மா சந்து என்று பார்த்தவர், அம்மன் பெயரை யாரோ அவசரத்தில் சுருக்கிவிட்டார்கள், பாவம் நமக்கு வேண்டாம் என்று, அங்காளம்மன் சந்து என்று இரண்டு எழுத்தைத் தன் கைப்பெயின்டில் கூட்டி எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் மகன் வெற்றி ஆட்டோவை நிறுத்திப் படித்துச் சொன்னதும் முதலில் அவள் சிரித்தாள், "நான் சாமியாயிட்டேன், அல்லாரும் கும்ட்டுகினு போங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு குழாயடி முனையில் நட்ட அந்தப் பலகைக் கம்பத்தில் யாரோ மஞ்சள் பூசினார்கள். பிறகு ஒரு கல் வந்தது, சூலம் வந்தது, அடுத்த தெருப் பெண்கள் கயிறு கட்ட வந்தார்கள். அப்புறம் எதிர்வீட்டு அன்புக்கரசி வந்து, "அத்த, அம்மன் கீற எடம், கவுச்சி வாணாம், கூடைய அந்தாண்ட வச்சிக்க" என்று பக்குவமாகத்தான் சொன்னாள். ஆடி மாதம் அதே அம்மனுக்குக் கருவாட்டுக் குழம்பு படைக்கிறார்கள், கருவாடு விற்க மட்டும் கூடாதாம், இது என்ன நியாயமோ. நான் கேட்கவில்லை. கடை வைத்திருப்பவள் எல்லாருக்கும் வேண்டியவளாக இருக்க வேண்டியிருக்கிறது.

அங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டோரம் போய் உட்கார்ந்தாள். லாரிப் புழுதி பட்ட கருவாட்டை யார் வாங்குவார்கள். ஒருநாள் பனங்கற்கண்டு வாங்க வந்தவள், "சாமிக்கு ஊரெல்லாம் கோயிலு கீது ரோசு, எனுக்கு இந்த ஒரு சந்துதான்" என்றாள். அதைத்தான் உன்னிடம் சொன்னேன், நீ கோபப்பட்டுப் புகார் போட்டாய். உன்மேல் தப்பில்லை, நானே உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று அதற்குள் நடந்துவிட்டது. கழிவுநீர் பம்ப் ரூம் கட்ட இடம் பார்த்துக்கொண்டு வந்த கான்ட்ராக்டர் ஆட்கள் நம் குழாயடி முனையை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கட்டினால் முனையே போயிற்று, வீட்டுக்குள் நாற்றமும் வரும். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் அவர்களுடைய மேஸ்திரி சூலத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயில் இடமென்றால் நமக்கு வேண்டாம், வேறு பார்ப்போம் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து தப்பான பலகைதான் சந்துக்குக் காவல். கும்பிடாத ஜாபர் பாயும் இனி அதில் யாரும் கைவைக்காதீர்கள் என்றார், நானும் சரி என்றேன்.

அந்த நேரம் பார்த்து உன் புகாரோடு மாநகராட்சி அலுவலகத்து அம்மா ஒருவர் வந்து நிற்கிறார். நல்ல மாதிரிதான். அங்கம்மா என்று ஒருவர் பெயரால்தான் இந்தச் சந்து என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள், அவர் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே பழைய பெயரை எழுதிவிடுகிறோம் என்றார். அங்கம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள், விஷயம் கேள்விப்பட்டுத் தலைவாரி, துவைத்த புடவை கட்டி வந்திருந்தாள். பழைய பெயர் வந்தால் அம்மன் போய்விடும், அம்மன் போனால் பம்ப் ரூம் வந்துவிடும். அன்புக்கரசிக்குப் பதற்றம், "அப்டி யாரும் இல்ல மேடம், அவங்க எப்பவோ பூட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். ஜாபர் பாய் தரையைப் பார்த்தார். நான் கையில் உளுந்துப் பொட்டலத்தோடு நின்றேன், என் வாயும் திறக்கவில்லை. வெற்றி மட்டும் முகம் சிவந்து முன்னால் பாய்ந்தான். அங்கம்மா அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு அவளே முன்னால் வந்தாள். "ஆமாம்மா, அங்கம்மா செத்துப்பூட்ச்சு. பலகை அப்டியே இர்க்கட்டும்" என்றாள். அந்த அம்மா பாவம், நீங்கள் யார் பாட்டி என்று கேட்டார். "நானா, கருவாடு விக்கிறவ" என்றாள்.

அவர் போனதும் அங்கம்மா மெயின் ரோட்டுக்குப் போய்த் தன் கூடையைத் தூக்கி வந்து, நேராகச் சூலத்துக்குப் பக்கத்தில், பலகைக்குக் கீழே இறக்கி வைத்து உட்கார்ந்தாள். அன்புக்கரசியைப் பார்த்து, "செத்தவளுக்கு இன்னாடி கவுச்சி" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்புக்கரசி சாயங்காலம் வந்து நெத்திலி வாங்கிப் போனாள், பேரம் பேசவில்லை. வெற்றி இன்னும் பாதிச் சந்தோடு பேசுவதில்லை, நம் கடைக்கும் வருவதில்லை. அங்கம்மா வருகிறாள், வழக்கம்போல் பனங்கற்கண்டு வாங்குகிறாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அழுதாளா என்று கேட்காதே, நான் பார்க்கவில்லை.

ஆகையால் நீ மறுபடி புகார் கிகார் என்று ஆரம்பிக்காதே. அவள் கொடுத்துவிட்டாள், நாம் வாங்கிக்கொண்டுவிட்டோம், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு, மருமகளோடு வீம்பு பண்ணாதே, ஞாயிறு ஆராதனையை விடாதே. பேத்திக்குத் தமிழ் எழுதப் பழக்கு, பேசினால் மட்டும் போதாது. கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணி போல் காப்பாராக.

ஒன்று மறந்துவிடாதே. கிறிஸ்துமஸ் வாழ்த்து இந்த முறை போனில் அனுப்பாமல் தபாலில் அனுப்பு. உறைமேல் முகவரியைத் தமிழில், பெரிய எழுத்தில், பேத்தி கையால், பழைய பெயரிலேயே எழுதச் சொல். தபால்காரப் பெண் சௌமியாவிடம் பேசிவிட்டேன், இனி நம் தபாலைக் கடையில் கொடுக்க மாட்டாள், குழாயடி முனையில் நின்று முகவரியை உரக்கப் படித்துவிட்டு அங்கம்மா கையில்தான் கொடுப்பாள்.

இப்படிக்கு, உன் அம்மா
ரோஸ்மேரி,
அங்கம்மா சந்து, திருவொற்றியூர்.