ஆகஸ்ட் கூட்டத்தில் போட்ட படம்

2006 ஆகஸ்ட் 9, புதன்
நைஜீரியாவின் மழையெல்லாம் எங்கள் ஒனிட்சாவில்தான்போல, காலையிலிருந்து. கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். அதில் நனைந்துகொண்டே உலோமா வந்தாள். அவள் இயக்கிய முதல் படம். சிடியாக ஊர் ஊராக விற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. சிடியை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, செப்டம்பர் நாலாந்தேதிதான் வெளியீடு. அதுவரைக்கும் படம் ரெண்டே கையிலதான் இருக்கணும். உங்க கை, பிரதி போடுற எஜிகே கை."

"நான் அஞ்சாவதோட நின்னவதான். ஆனா இந்தச் சந்தையில என் பேச்சை நம்பிக் கெட்டவ ஒருத்தி இல்ல, போ" என்றேன்.

படத்தில் என் பேத்தி கம்சி இரண்டு காட்சியில் வருகிறாள். நிஜமாகவே அழுகிறாள்! மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 12
பெண்கள் கூட்டத்துக்கு ஊருக்கு வந்தாயிற்று. வருஷா வருஷம் ஆகஸ்டில் வருவதுதான். பையில் சிடியும் இருக்கிறது. எதற்கு? சும்மா.

ஆகஸ்ட் 13
ஜெனரேட்டர் ஓட்டி, பந்தலில் படம் போட்டேன். கம்சி வந்ததும் ஒரே கைதட்டல். "அது உன் மூக்குதான்க்கா. ஆளுக்கு முன்னாடி பஸ்ல ஏறுற மூக்கு" என்றாள் ஓரகத்தி பேஷன்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு, "எங்கம்மா படுக்கையில கெடக்கு, அதுவும் பாக்கட்டும். ராத்திரிக்கு மட்டும் குடுக்கா" என்றாள்.

கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22
ஒனிட்சா திரும்பியாயிற்று. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. கம்சியின் அழுகைதான் முதலில் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் உலோமாவின் படம் — குவியல் குவியலாக.

பேஷன்ஸுக்குப் போன் போட்டேன். "எந்தம்பி மவன் ஒரே ஒரு காப்பிதான் எடுத்தான். நம்ம புள்ள நடிச்சதுதானேக்கா?"

ஆகஸ்ட் 23
உலோமா வந்தாள். கண் வீங்கியிருந்தது. "எஜிகே வேலைதாம்மா இது. உங்களச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிடும்."

நான் என்ன செய்தேன்? சூடாக ஒக்பா வாங்கிக் கொடுத்து, சாப்பிடு, சாப்பிடு என்றேன். பாவி.

ஆகஸ்ட் 25
எஜிகே வந்து நின்றான். "பெரியம்மா, நாளைக்கு வியாபாரிங்க சங்கத்துல என்னைத் தள்ளி வைக்கப் போறாங்க. அப்புறம் எவன் என்னை நம்பிப் படம் குடுப்பான்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

"பாக்கலாம்" என்றேன்.

பாக்கலாமாம்! ஏண்டி, இதெல்லாம் ஒரு வாயா?

ஆகஸ்ட் 26
சிடி என் கையிலிருந்துதான் போனது என்று சங்கத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். எஜிகே அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டான். உலோமா எழுந்து போனாள். திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 27
தூக்கமில்லை.

2007 மார்ச் 14
உலோமா வந்தாள்! கையில் இரண்டாவது படம். எனக்கு நாற்காலியை இழுத்துப் போடக்கூடத் தோன்றவில்லை. "என்கிட்டயேவா?" என்றேன்.

"நீங்க ஒத்துக்கிட்டீங்க. அதனாலதான் வந்தேன். அதுக்காக முழுசா தரமாட்டேன்."

கடைசிக் கால் மணி நேரப் படம் எஜிகேயிடம் இருக்கிறதாம். வெளியீட்டு அன்றுதான் எனக்கு வரும். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

இந்தத் தடவை கம்சிதான் கதாநாயகி. ஆற்றங்கரையில் பெட்டியோடு நிற்கிறாள் — அத்தோடு படம் நின்றுவிடுகிறது. படகில் ஏறுவாளா, புருஷனிடம் திரும்பிப் போவாளா?

ராத்திரி சாப்பிடும்போது அவளையே கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு உலோமா அக்கா சொல்லியிருக்காங்க, பாட்டி."

"நான் யாரோவா? உன் பாட்டிடி!"

"உங்ககிட்ட முக்கியமா சொல்லக் கூடாதாம்."

சூப்பில் இன்னொரு மீன் துண்டு போட்டேன். மீனைத் தின்றாள், வாயைத் திறக்கவில்லை. மூக்குதான் என்னுடையது.